லயமும் தாமானும்: மலேசியத் தமிழ்ப் புனைகதையிற் புறநகர்

ஓர் இனத்தின் இலக்கியம் அவ்வினம் வாழும் நிலத்தோடு பிணைந்தது என்பது தமிழ் மரபுக்குப் புதிய செய்தியன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, அவற்றின்மேல் மாந்தரின் ஒழுக்கத்தை நிறுவிக் காட்டியது தொல்காப்பியம். அவ்வளவுகோலைக் கொண்டு மலேசியத் தமிழ்ப் புனைகதையை அளந்தால், அது தனக்கென ஒரு நிலத்தைப் படைத்துக்கொண்டது என்பதை எவரும் மறுக்கார். அந்நிலம் தோட்டம்.

கா. பெருமாளின் ‘துயரப்பாதை’, எம். குமரனின் ‘செம்மண்ணும் நீலமலர்களும்’, சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ எனத் தலைமுறை தோறும் தோட்டம் எழுதப்பட்டு வந்துள்ளது. பெரட்டு, நிரை, மங்கு, கங்காணி, கிராணி, ஆயாக்கொட்டகை முதலிய சொற்கள் வேறெந்நாட்டுத் தமிழ் வாசகருக்கும் விளக்கம் வேண்டுவன. மலேசிய வாசகருக்கோ அவை விடியற்காலை இருளையும் பால்மரத்தின் மணத்தையும் ஒருங்கே கொண்டுவந்து நிறுத்துவன. ஒரு நிலத்தை இலக்கியம் தனதாக்கிக்கொண்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயின், அத்தோட்டங்களிற் பல இன்று இல்லை. குறிப்பாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் அவை இருந்த மண்ணின்மேல் திட்டமிட்ட புறநகர்கள் எழுந்துள்ளன. எண்ணிக்கையளவில் மலேசிய இந்தியர் மிகுதியாக வாழும் மாநிலம் சிலாங்கூர். அவருட் பெரும்பாலோர் இன்று லயங்களில் வாழவில்லை. தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலுமே வாழ்கின்றனர். அவர்கள் வாழும் இப்புதிய நிலத்தை மலேசியத் தமிழ்ப் புனைகதை எவ்வாறு கண்டது? அல்லது காணத் தவறியதா? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

புறநகர் எழுந்த வகை

புறநகரைத் திட்டமிட்டு அமைக்கும் எண்ணம் மலாயாவிற் பிறந்ததன்று. தொழிற்புரட்சியால் நெரிசலும் புகையும் மிகுந்த இங்கிலாந்து நகரங்களுக்கு மாற்றாக, எபனேசர் ஹோவர்டு என்பார் 1898ஆம் ஆண்டிற் பூங்கா நகரம் என்னும் கருத்தை நூலாக வெளியிட்டார். நகரின் வாய்ப்பும் நாட்டுப்புறத்தின் தூய்மையும் ஓரிடத்தில் அமையவேண்டும் என்பதும், வாழிடமும் தொழிலிடமும் அருகருகே இருக்கவேண்டும் என்பதும் அவர் கொள்கை. அக்கொள்கையில் ஊறிய சார்லஸ் ரீட் 1921இல் மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் முதல் அரசாங்க நகரத் திட்ட அதிகாரியாக அமர்ந்தார். இங்ஙனம் அக்கருத்து இந்நாட்டு மண்ணை அடைந்தது.

அது பெரிய அளவிற் செயலுருப் பெற்றது அவசரகாலத்தின்போது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் கோலாலம்பூரில் மக்கள் நெருக்கம் மிகுந்தது. அதனைத் தணிக்கும் பொருட்டு, எஃபிங்காம் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில் பெட்டாலிங் ஜெயா அமைக்கப்பட்டது. 1952இல் இரண்டு சாலைகளை நடுவாகக் கொண்டு 800 வீடுகள் எழுந்தன. அவ்வூர் 2006ஆம் ஆண்டில் மாநகராயிற்று.

அதன்பின் இவ்வழி அகன்றது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்தது. 1978இல் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகராயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த நிலம் அது. 1976இல் சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது. 1988இல் அதனைத் தொடர்ந்து யூ.எஸ்.ஜே. தலைப்பட்டது. 1995இல் பெராங் பெசார் தோட்டத்தில் புத்ராஜெயாவின் பணி தொடங்கிற்று. அங்கிருந்த தொழிலாளர் டெங்கிலில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பிற்கு மாற்றப்பட்டனர். கத்ரி போன்ற தோட்ட நிறுவனங்களே, புக்கிட் ஜெலுத்தோங் முதலிய இடங்களில், தம் நிலத்தில் வீடு கட்டி விற்கும் நிறுவனங்களாகவும் உருமாறின. ரப்பர் விளைவதைக் காட்டிலும் வீடு விளைவது ஊதியம் மிக்கது என்னும் கணக்கே இம்மாற்றத்தின் வேர்.

தோட்டமும் ஒரு திட்டமே

திறனாய்வாளர் பலர் தோட்டத்தை இயற்கையெனவும் புறநகரைச் செயற்கையெனவும் கொண்டு பேசுவது வழக்கமாகிவிட்டது. இது வரலாற்றோடு பொருந்தாத கூற்று. தோட்டமும் ஒரு திட்டத்தின் விளைவே. காட்டை அழித்து, அளவு நூல் பிடித்து, மரங்களை நிரையாக நட்டு, தொழிலாளர்க்கு வரிசை வீடுகளும் துரைக்கு மேட்டில் மாளிகையும் கட்டிய அமைப்பு அது. யார் எங்கே வாழவேண்டும், எப்பொழுது எழவேண்டும், எங்கே நீர் பிடிக்கவேண்டும், எங்கே கள் அருந்தவேண்டும் என்பன யாவும் வரையறுக்கப்பட்டிருந்தன. தமிழர் இந்நாட்டில் வாழ்ந்த முதல் திட்டமிட்ட குடியிருப்பு புறநகரன்று; லயமே.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு பார்த்தாற்றான் தோட்ட நாவல்களின் உண்மையான அருமை புலப்படும். அவை இயற்கையைப் பாடியவை அல்ல. ஒரு திட்டத்தை அதன் அடியிலிருந்து நிமிர்ந்து நோக்கியவை. வரைபடத்தில் ஒரு கோடாக மட்டுமே இருந்த லயத்தில் மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர், கோட்டை எங்கெங்கே மீறினர், மீறியபோது என்ன விலை கொடுத்தனர் என்பதே அந்நாவல்களின் பொருள்.

கிள்ளான் வட்டாரத்தையே சான்றாகக் கொள்ளலாம். அங்கு 1941இல் நிகழ்ந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அ. ரெங்கசாமியின் ‘விடியல்’ நாவலுக்குக் களமாயிற்று. அத்தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் ஊதிய உயர்வு ஒன்று. துரைமாரும் அலுவலரும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயம் நீங்கவேண்டும் என்பது மற்றொன்று. சாலையைப் போட்டவன் எவன், அதில் நிமிர்ந்து செல்லும் உரிமை எவனுக்கு என்னும் வினா அக்கோரிக்கையில் அடங்கியிருந்தது. வேலைநிறுத்தம் படையால் அடக்கப்பட்டது; உயிர்கள் பலியாயின. மிதிவண்டியும் சாலையும் வெறும் பொருள்களாக நில்லாமல் மானத்தின் அடையாளங்களாக உயர்ந்தன. ஒரு குடியிருப்பின் அமைப்பை இலக்கியம் படிக்கவேண்டிய முறை இதுவே.

புனைகதையின் பார்வை

இத்துணைக் கூர்மையோடு லயத்தைக் கண்ட மரபு, அதே மண்ணில் எழுந்த தாமானை நோக்கும்போது மட்டும் கண் மங்கிப் போவது ஏன்? மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் புறநகர் பெரும்பாலும் இரு நிலைகளில் மட்டுமே வருகின்றது.

ஒன்று, அது கதையின் முடிவாக வருகின்றது. மண்வாரி இயந்திரம் வருகின்றது, கோயில் இடிகின்றது, முதியவர் ஒருவர் கண்ணீர் உகுக்கின்றார், கதை முடிகின்றது. அவர் மறுநாட் காலையில் எங்கே கண்விழித்தார், புதிய வீட்டின் மூன்றாம் மாடிக்கு எவ்வாறு ஏறினார், அங்கே எவரோடு பேசினார் என்பவற்றைச் சொல்வார் அரியர். மற்றொன்று, அது வெறும் பின்னணியாக வருகின்றது. கதைமாந்தர் புறநகர் வீட்டில் வாழ்வர். ஆயினும் அவ்வீட்டை ஈப்போவிலோ சென்னையிலோ பெயர்த்து வைத்தாலும் கதை சிறிதும் மாறாது. முன்னதில் புறநகர் பகை. பின்னதில் அது திரைச்சீலை. இரண்டிலும் அது நிலமாகவில்லை.

இக்குறைக்குக் காரணங்கள் உண்டு. தோட்டத்தில் ஒரு கூட்டம் ஓரிடத்தில் வாழ்ந்தது. எழுத்தாளனும் அக்கூட்டத்துள் ஒருவனாக இருந்தான். தோட்டம் கலைந்தபோது அக்கூட்டமும் கலைந்தது. ஒரே லயத்தார் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் சிதறினர். ஊரே ஒரு கதைமாந்தராக நின்று பேசும் நாவல் வடிவம், ஊர் சிதறியபின் கைகொடுக்கவில்லை. ரெ. கார்த்திகேசு போன்றோர் தோட்டத்தின் எல்லையைக் கடந்து கல்வி பெற்ற நடுத்தர மக்களின் அகச்சிக்கல்களை எழுதினர். அது வரவேற்கத்தக்க விரிவே. ஆயினும் அவ்வழியிற் பின்வந்தோர் பலர் மனத்தை எழுதிய அளவுக்கு இடத்தை எழுதினாரல்லர்.

பிறிதொரு காரணம் சற்றுக் கசப்பானது. தோட்டம் இருந்தபோது அதனைக் கொடுமையின் களமாகக் காட்டிய அதே இலக்கியம், அது மறைந்தபின் இழந்த சொர்க்கமாகப் போற்றத் தலைப்பட்டது. கள்ளுக்கடையும் கடனும் கங்காணியின் அதிகாரமும் மறக்கப்பட்டு, மாலை நேரத்துத் திண்ணைப் பேச்சும் திருவிழாவும் மட்டும் நினைவில் நின்றன. ஏக்கம் குற்றமன்று, ஆயின் ஏக்கம் மட்டுமே இலக்கியமாகாது. துயரப்பாதை எனப் பெயரிடப்பட்ட ஒன்றை மலர்ப்பாதை என்று பின்னர்க் கொண்டாடுவது முன்னோர் பட்ட பாட்டிற்குச் செய்யும் மரியாதையன்று.

எதிர்வாதம் ஒன்று எழக்கூடும். புறநகர் தமிழர்க்கு மட்டும் உரியதன்று, அங்கே பல இனத்தார் வாழ்கின்றனர், ஆதலின் அது தமிழ் இலக்கியத்தின் நிலமாதல் அரிது என்பர் சிலர். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் இவ்வாறு கருதினாரல்லர். பல மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தையே அவர் பாடினார். அந்நகரின் செல்வத்தோடு பரதவரின் ஓய்வு நாளையும் பாடினார். இளங்கோவடிகள் அந்நகரை மருவூர்ப்பாக்கம் எனவும் பட்டினப்பாக்கம் எனவும் பிரித்து, தொழிலாளர் தெருக்களையும் உயர்ந்தோர் தெருக்களையும் அடுத்தடுத்துக் காட்டி, இரண்டிற்கும் இடையே நாளங்காடியை வைத்தார். நகரத்தைத் தெருத்தெருவாகப் பாடும் கண் தமிழுக்கு அன்றே இருந்தது. அக்கண்ணை இன்றைய எழுத்தாளன் மூடிக்கொள்ள வேண்டிய தேவையில்லை.

திட்டத்திற்கு வெளியே

புறநகரின் வரைபடத்தை மட்டும் பார்ப்போர்க்கு அதன் முழு உருவம் தெரியாது. வரைபடத்தில் இடம்பெறாதோரும் அதன் மக்களே. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போயிற்று. ஆதலின் வேலையிழந்த குடும்பங்கள் பல புறம்போக்கு நிலங்களில் பலகை வீடுகள் அமைத்துக்கொண்டன. பின்னர் அவையும் அகற்றப்பட்டபோது ‘ரூமா பாஞ்சாங்’ எனப்படும் நீண்ட வீடுகளில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டன. அத்தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் நீண்டதும் உண்டு. வீடமைப்புத் திட்டங்களில் 30 விழுக்காடு மலிவு விலை வீடுகளாக இருக்கவேண்டும் என்னும் கொள்கை 1980களில் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக மாடி வீடுகள் கிட்டின. ஆயின் அவை பெரும்பாலும் திட்டத்தின் ஓரத்திலேயே அமைந்தன.

2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவை அடுத்த கம்போங் மேடான் பகுதியில் இன மோதல் மூண்டு ஆறு பேர் உயிரிழந்தனர். நேர்த்தியான சாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே, வசதி குறைந்த ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. பெட்டாலிங் ஜெயாவின் வரலாற்றை எழுதுவோர் 1952ஆம் ஆண்டின் 800 வீடுகளை மட்டும் கூறி, 2001ஆம் ஆண்டின் ஆறு உயிர்களைக் கூறாதுவிட்டால் அவ்வரலாறு நிறைவுறாது. 2018 நவம்பரில், சீபீல்டு தோட்டத்தின் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை இடம் மாற்றுவது பற்றிய வழக்கு, யூ.எஸ்.ஜே. பகுதியிற் கலவரமாக வெடித்தது. அதிற் காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் மறுமாதம் உயிர் துறந்தார். தோட்டம் மறைந்து பல ஆண்டுகளான பின்னும் அதன் தெய்வம் அதே மண்ணில் இருந்தது. அதன் இருப்பைப் பற்றிய முடிவு நெடுநாள் எட்டப்படாமலே இருந்தது. ஒரு பெருநாவலுக்குரிய பொருள் இது. அதன் எல்லாப் பக்கத்து மாந்தரையும், மறைந்த அவ்வீரரின் குடும்பத்தையும், ஒரே பரிவோடு நோக்கும் துணிவுள்ள எழுத்தாளனையே இப்பொருள் வேண்டுகின்றது.

பிரிக்பீல்ட்ஸை இவற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்டுவதற்குச் சூளைகள் அமைந்த இடம் அது. பின்னர் ரயில்வே ஊழியர் வாழ்ந்த வரிசை வீடுகள் எழுந்தன. வேலையிடம், பள்ளி, கோயில், கடை யாவும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்தன. பூங்கா நகரம் கண்ட கனவின் ஒரு கூறு, அப்பெயரைக் கேட்டறியாத ரயில்வே ஊழியர் குடியிருப்பில் ஓரளவு நனவாயிற்று எனலாம். அங்கும் மாற்றம் வந்தது. ரயில் பெட்டிகள் நின்ற நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010இல் தெரு அலங்கரிக்கப்பட்டு ‘லிட்டில் இந்தியா’ எனப் பெயர் பெற்றது. மக்கள் வாழ்ந்து உருவாக்கிய தெரு, வந்து பார்ப்போர்க்குரிய தெருவாகவும் ஆயிற்று. இம்மாற்றத்தின் நயமும் இழப்பும் இன்னும் தமிழ் நாவலாகப் பெருகவில்லை.

கருப்பொருள் தேடல்

தொல்காப்பியர் நிலத்திற்குரிய கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கூறினார். இவற்றைத் தோட்டத்திற்குப் பொருத்திப் பார்த்தல் எளிது. மாரியம்மனும் முனீஸ்வரரும் தெய்வம், ரப்பர் மரம், உறுமி பறை, பால்வெட்டு தொழில். புறநகருக்குப் பொருத்தும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. அவ்விடர்ப்பாடே அந்நிலத்தின் இயல்பையும் காட்டுகின்றது.

முதலாவதாக, புறநகரில் வாழும் மாந்தரிற் பலருக்குத் தொழில் அங்கில்லை. விடியற்காலையில் வெளியேறி இரவில் மீள்வர். வாழிடமும் தொழிலிடமும் அருகருகே அமையவேண்டும் என்ற ஹோவர்டின் கொள்கையில் பூங்கா மட்டும் தங்கியது, தொழில் அகன்றது. ஆதலின் நாள்தோறும் நிகழும் சிறு பிரிவு இந்நிலத்தின் ஒழுக்கமாகின்றது. இரண்டாவதாக, இங்கே தெருக்களுக்குப் பெயரில்லை; எண்களே உண்டு. ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் ஒரு குடும்பத்தின் முகவரியாகின்றன. மூன்றாவதாக, இங்கே வீடு உடைமையாகின்றது. லயத்தில் வீடு துரையினது. தாமானில் வீடு, வங்கிக் கடன் தீர்ந்த நாளில், தன்னுடையது. மூன்று தலைமுறை பிறர் வீட்டில் வாழ்ந்த ஒருவர் தம் பெயரில் ஒரு கதவைப் பெறும் நாள் எளிய நாளன்று. அம்மகிழ்ச்சியை எழுதாத இலக்கியம், அவ்விழப்பை எழுதும்போதும் முழு நம்பிக்கையைப் பெறாது.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தபோது பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை; ஆயினும் அகப்பாடல்களுள் மிகுதியானவை பாலைத்திணையைச் சேர்ந்தவை. திரிந்த நிலமும் பாடற்குரியது என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் இயலாது.

இவ்வகையில் வழிகாட்டக்கூடிய ஆக்கம் ஒன்று ஆங்கிலத்தில் உள்ளது. கெடாவைச் சேர்ந்த கே.எஸ். மணியம் 2003இல் வெளியிட்ட ‘பிட்வீன் லைவ்ஸ்’ நாவலில், மேம்பாட்டிற்காகத் தன் நிலத்தை விட்டு அகல மறுக்கும் செல்லம்மா என்னும் மூதாட்டியும், அவளை இணங்கச் செய்ய அனுப்பப்படும் சுமித்ரா என்னும் இளம்பெண்ணும் எதிர்நிற்கின்றனர். அகற்ற வந்தவளும் அதே இனத்தவள், கல்வி பெற்றவள், நகரத்தவள். மேம்பாடு என்பதைப் புறத்தேயிருந்து வந்த பகையாக மட்டும் காட்டாமல், ஓர் இனத்தின் இரு தலைமுறைகளுக்கிடையே நிகழும் உரையாடலாக மாற்றியதே அந்நாவலின் சிறப்பு. தமிழில் எழுதுவோர் கொள்ளத்தக்கது அதன் கதையன்று, அதன் நிற்குமிடம்.

பள்ளியின் பெயர்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களை வரிசையாகப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஷா ஆலாமில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. செத்தியா ஆலாமில் நார்த் ஹம்மோக் தோட்டத் தமிழ்ப்பள்ளி. பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி. நிலத்தை விட்டு அகன்ற தோட்டங்கள் பள்ளியின் பெயர்ப்பலகையில் வாழ்கின்றன. 7 முதல் 14 வயதிற்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இத்தகைய தோட்டப் பள்ளிகளின் வழித்தோன்றல்களே இவை. தமிழர் தம் வேரின் பெயராகக் காத்துவரும் இப்பெயர்கள் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர்கள் என்பதும் கருதத்தக்கது. வரலாறு இங்ஙனம் கலந்தே வரும். அதனைக் கலப்பற்றதாக்க முயல்வது வீண்.

இப்பள்ளிகளிற் பயிலும் மாணவர் பலர் ரப்பர் மரத்தில் பால் வடிவதைக் கண்டவரல்லர். ஆயினும் கட்டுரைப் போட்டியிலும் சிறுகதைப் போட்டியிலும் அவர்கள் தோட்டத்தை எழுதுகின்றனர்; படித்த கதைகளிலிருந்து பெற்ற சொற்களால் எழுதுகின்றனர். அவர்கள் நாள்தோறும் காணும் மேம்பாலமும், மின்தூக்கி பழுதான மாடியும், இரவுச் சந்தையும், பல இனத்துப் பிள்ளைகள் கூடும் விளையாட்டுத் திடலும் அவர்கள் எழுத்தில் இடம்பெறுதல் அரிது. அவை இலக்கியத்திற்குரியன அல்ல என்று அவர்கள் எண்ணுவது அவர்கள் குற்றமன்று. அவற்றை இலக்கியமாக்கிய நூல்கள் அவர்கள் கைக்கு எட்டவில்லை.

ஆசிரியர் இங்கே செய்யத்தக்கது பெரிதன்று, ஆயினும் இன்றியமையாதது. தோட்ட நாவலைப் பாடமாக நடத்தும்போது, அதனை மறைந்துபோன ஒரு காலத்தின் நினைவாக மட்டும் நடத்தாமல், ஒரு குடியிருப்பை எவ்வாறு நோக்குவது என்பதற்குரிய பயிற்சியாகவும் நடத்தலாம். லயத்தில் எவர் மேட்டில் வாழ்ந்தார், எவர் பள்ளத்தில் வாழ்ந்தார் என்று கேட்ட மாணவன், தன் தாமானில் மாளிகை வீடு எங்கே உள்ளது, மலிவு விலை மாடி எங்கே உள்ளது, இரண்டிற்கும் இடையே மதில் ஏன் நிற்கின்றது என்றும் கேட்பான். அவ்வினாவிலிருந்தே அவனுடைய முதற்கதை பிறக்கக்கூடும்.

தோட்டத்தை எழுதிய முன்னோர், எவரும் இலக்கியமென மதியாத லயத்தை எழுதினர். அவர்தம் மரபைக் காப்பது என்பது லயத்தையே மீண்டும் மீண்டும் எழுதுவதன்று. இன்று எவரும் இலக்கியமென மதியாத தாமானை அதே நேர்மையோடு எழுதுவது. எண்ணால் மட்டும் குறிக்கப்படும் தெருக்களும் மக்கள் வாழும் தெருக்களே. அவற்றுக்குரிய கதைகளைப் படைப்பது இனிவரும் தமிழ் எழுத்தின் கடமை.